குழந்தையின் கேள்வியும் பாடநூலின் விடையும்



சென்ற கோடை விடுமுறையில் விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு ரயிலில் சென்றுகொண்டிருந்தோம். திருநங்கை ஒருவர் கைதட்டியவாறு எங்கள் பெட்டிக்குள் வந்தார். பத்து ரூபாய் கொடுத்தேன். அவர் என் இளைய மகளின் தலையில் கை வைத்து வாழ்த்திவிட்டு அடுத்த இருக்கைக்கு நகர்ந்தார். எட்டு வயதான அவள் பெட்டி முழுவதும் கேட்கும்படி வினவினாள்: "அம்மா, இவங்க அக்காவா, அண்ணனா?"

"சும்மா இரு, சன்னல்ல வேடிக்கை பாரு" என்றேன்.

நான் 14 ஆண்டுகளாகக் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவள். எலக்ட்ரான் துகளா, அலையா என்று மாணவர் கேட்டால், "நல்ல கேள்வி" என்று பாராட்டிவிட்டே விளக்கத் தொடங்குவேன். அத்தகைய நான் என் மகளின் கேள்விக்கு அளித்த விடை "சும்மா இரு" என்பதே. வீடு திரும்பியதும், பத்தாம் வகுப்பில் படிக்கும் மூத்த மகளின் அறிவியல் நூலை எடுத்துப் பிரித்தேன். தங்கைக்குச் சொல்லத்தக்க விடை ஏதேனும் அதில் கிடைக்குமா என்பதே என் எண்ணம். கிடைத்தது பாதி விடை.

ஆண், பெண் என்பது பற்றிப் பள்ளிப் பாடங்களும் பொது அறிவு நூல்களும் நெடுங்காலமாகச் சொல்லிவரும் விளக்கம் எத்தகையது? அது எங்கே சிறக்கிறது, எங்கே தவறுகிறது? பெற்றோராகிய நாம் அதை எவ்வாறு நிறைவு செய்யலாம்? இவற்றையே இக்கட்டுரையில் நோக்குவோம்.

பாடத்தின் சிறப்பு

அந்தப் படத்தை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். ஒரு பக்கம் தாய், மறுபக்கம் தந்தை. தாயிடம் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். தந்தையிடம் ஓர் எக்ஸ், ஓர் ஒய். நான்கு கட்டங்கள். அவற்றுள் இரண்டில் பெண் குழந்தை, இரண்டில் ஆண் குழந்தை. சினைமுட்டை எப்போதும் எக்ஸைத் தாங்கி வருகிறது. விந்தணுக்களில் ஏறத்தாழப் பாதி எக்ஸையும் பாதி ஒய்யையும் தாங்கி வருகின்றன.

இச்சிறு படத்தின் பின்னே பேருழைப்பு இருக்கிறது. 1905-ல் அமெரிக்காவில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி மாவுப்புழு வண்டின் உயிரணுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். பெண் வண்டில் 20 பெரிய குரோமோசோம்கள் இருந்தன. ஆண் வண்டில் 19 பெரியவையும் ஒரு சிறியதும் இருந்தன. அந்தச் சிறியதே இன்று நாம் ஒய் என்று அழைப்பது. அதே ஆண்டில் எட்மண்ட் வில்சனும் தனியே ஆராய்ந்து இத்தகைய முடிவுக்கே வந்தார்.

நம் நாட்டில் இப்படம் செய்துள்ள நன்மையும் சிறிதன்று. எனக்கு இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தபோது, உறவினர் சிலர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்புறத்தில் இந்த நான்கு கட்டங்களை வரைந்து என் மாமியாருக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப, என் மகன் மேலதான் குத்தமா?" என்றார். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது எண்ணிப் பார்த்தால், பாடத்தின் முதல் குறையைச் சரியாகச் சுட்டியவர் அவரே எனத் தோன்றுகிறது.

முதல் குறை: "தீர்மானிக்கிறார்"

"குழந்தையின் பாலைத் தந்தையே தீர்மானிக்கிறார்" என்று பாடங்கள் எழுதுகின்றன. தாயின் மீது சுமத்தப்பட்ட பழியைத் துடைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் எழுந்த வாக்கியம் இது. ஆயினும் அது பழியைத் துடைக்கவில்லை; ஒரு தலையிலிருந்து இறக்கி மற்றொரு தலையில் ஏற்றி வைக்கிறது.

நாணயத்தைச் சுண்டுபவர் தலை விழுமா, பூ விழுமா என்று தீர்மானிப்பதில்லை. கதிரியக்கத் தனிமம் ஒன்றில் அடுத்ததாக எந்த அணு சிதையும் என்பதையும் எவரும் தீர்மானிப்பதில்லை. இயற்பியலில் இதை நிகழ்தகவு என்கிறோம். கருவுறுதலும் அத்தகையதே. ஒய்யைத் தரும் விந்தணு தந்தையிடமிருந்து வருகிறது என்பது உண்மை. எது வந்து சேரும் என்பது தந்தையின் கையிலும் இல்லை, தாயின் கையிலும் இல்லை. இரண்டு பெண் குழந்தைகளுக்குப் பிறகு மூன்றாவது ஆணாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்ப்பதும் பிழையே. முன்பு விழுந்தது எதுவென்று நாணயம் நினைவு வைத்துக்கொள்வதில்லை.

ஆகவே, "தந்தை தீர்மானிக்கிறார்" என்பதை "யாரும் தீர்மானிப்பதில்லை" என்று மாற்றினால் பாடம் உண்மைக்கு நெருங்கி வரும். மாமியாரின் கேள்விக்கும் விடை கிடைக்கும்.

இரண்டாவது குறை: விடுபட்ட ஒரு சொல்

எங்கள் இயற்பியல் கணக்குகளில் ஒரு வரி அடிக்கடி வரும்: "உராய்வைப் புறக்கணிக்க." உராய்வே இல்லாத சாய்தளம் உலகில் எங்கும் இல்லை. ஆயினும் தொடக்க மாணவனுக்குக் கணக்கை எளிமையாக்க அதை ஒதுக்கி வைக்கிறோம். ஒதுக்கி வைத்தோம் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். பிற்பாடு உராய்வைப் பயிலும்போது, முன்பு நம்மை ஏமாற்றினார்கள் என்று அவன் எண்ணுவதில்லை.

நான்கு கட்டப் படத்தின் மேல் அத்தகைய வரி எதுவும் இல்லை. "எக்ஸ் எக்ஸ் என்றால் பெண், எக்ஸ் ஒய் என்றால் ஆண்" என்று முடிந்துவிடுகிறது. "பெரும்பாலும்" என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் இவ்வாக்கியத்தில் எனக்குக் குறை இல்லை.

ஏன் அச்சொல் வேண்டும்? குரோமோசோம் என்பது தொடக்கம் மட்டுமே. கரு உருவான முதல் சில வாரங்களில் ஆண் கருவுக்கும் பெண் கருவுக்கும் உறுப்பமைப்பில் வேறுபாடு காண இயலாது. ஏறத்தாழ ஆறு, ஏழு வாரங்களுக்குப் பிறகே பாலுறுப்புச் சுரப்பிகள் விந்தகமாகவோ சினையகமாகவோ வளரத் தலைப்படுகின்றன. பின்னர் ஹார்மோன்கள் சுரக்கின்றன. அவற்றை உடலின் உயிரணுக்கள் ஏற்றுச் செயற்பட வேண்டும். அதன் பிறகே உள்ளுறுப்புகளும் வெளியுறுப்புகளும் அமைகின்றன. இத்தனை படிகளில் எந்த ஒன்றிலும் வழி சற்றே மாறலாம்.

1959-ல் அறிவியலார் இரண்டு செய்திகளை வெளியிட்டனர். எக்ஸ் எக்ஸ் ஒய் என 47 குரோமோசோம்கள் கொண்ட ஆண்கள் இருக்கின்றனர். ஒரே ஓர் எக்ஸுடன் 45 குரோமோசோம்கள் கொண்ட பெண்கள் இருக்கின்றனர். எனவே, எக்ஸ் எத்தனை என்பதைவிட ஒய் உண்டா இல்லையா என்பதே முக்கியம் எனக் கருதினர். 1990-ல் ஒய்யின் மீதுள்ள எஸ்.ஆர்.ஒய். என்னும் மரபணுவே விந்தகம் உருவாவதைத் தொடங்கி வைக்கிறது என லண்டன் ஆய்வாளர்கள் கண்டனர். இம்மரபணு அரிதாக ஒய்யிலிருந்து பிரிந்து எக்ஸில் ஒட்டிக்கொள்வதுண்டு. அப்போது எக்ஸ் எக்ஸ் கொண்ட கருவும் ஆணாக வளரலாம். மறுபுறம், ஒய் இருந்தும் உயிரணுக்களால் ஆண் ஹார்மோனை ஏற்க இயலாவிட்டால், பிறக்கும் குழந்தை பெண்ணுடல் கொண்டே பிறக்கும். வானொலி நிலையம் ஒலிபரப்பிக்கொண்டுதான் இருக்கிறது. பெட்டியில் அதை வாங்கும் பகுதி வேலை செய்யவில்லை என்று இதை விளங்கிக்கொள்ளலாம்.

இவை மேல்வகுப்புப் பாடங்களில் வருகின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். வருகின்றன, "கோளாறுகள்" என்ற தலைப்பின் கீழ். பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிடும் மாணவர் அதைக் காண்பதே இல்லை. காண்பவரும் நோய்ப் பட்டியலாகவே படிக்கின்றனர்.

அந்த ஒரு சொல் விடுபட்டதால் ஏற்பட்ட துயரங்களை வரலாறு காட்டுகிறது. 1968 முதல் ஒலிம்பிக்கில் பெண் வீரர்களுக்குக் குரோமோசோம் சோதனை நடத்தினர். 1985-ல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழகப் போட்டிக்குச் சென்ற ஸ்பெயின் நாட்டுத் தடையோட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்த்தினெஸ் பத்தீன்யோ இச்சோதனைக்கு உட்பட்டார். பிறந்தது முதல் பெண்ணாகவே வளர்ந்த அவருக்கு எக்ஸ் ஒய் குரோமோசோம்கள் இருந்தன. அவர் உடல் ஆண் ஹார்மோனை ஏற்காத வகையைச் சேர்ந்தது. செய்தி வெளியே கசிந்தது. அவருடைய பட்டங்களும் உதவித்தொகையும் பறிபோயின. போராடி 1988-ல் மீண்டும் தகுதி பெற்றார்.

நமக்கு அண்மையிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2006-ல் தோகாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பால் சோதனைக்குப் பின் அப்பதக்கம் திரும்பப் பெறப்பட்டது. ஒருவருடைய மருத்துவச் செய்தி நாடெங்கும் தலைப்புச் செய்தியாயிற்று.

விளையாட்டில் யார் எந்தப் பிரிவில் ஓடுவது என்பது தனி விவாதம். ஒலிம்பிக் குழு 1999-ல் குரோமோசோம் சோதனையைக் கைவிட்டது. 2025-ல் உலகத் தடகள அமைப்பு பெண்கள் பிரிவுக்கு எஸ்.ஆர்.ஒய். மரபணுச் சோதனையைக் கொண்டுவந்தது. அதன் நன்மை தீமைகளுக்குள் நான் இங்கே புகவில்லை. ஆனால் அந்நாட்களில் தேநீர்க் கடைகளில் எழுந்த பேச்சு விளையாட்டு விதியைப் பற்றியதன்று. "ஏமாற்றிவிட்டாள்" என்பதே அப்பேச்சு. தன் குரோமோசோமைக் கண்ணால் கண்டவர் யார்? அறியாத ஒன்றை எவரால் மறைக்க இயலும்? இவ்வாறு பேசியவர்களுள் நான்கு கட்டப் படத்தைப் படித்து மதிப்பெண் பெற்றவர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா?

மூன்றாவது குறை: உடலோடு நின்றுவிடுதல்

என் மகளின் கேள்வியை மறுபடி நோக்குங்கள். அவள் குரோமோசோமைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு மனிதரைப் பற்றிக் கேட்டாள். இங்கே பாடம் முற்றிலும் மௌனம் சாதிக்கிறது.

உடலின் பால் ஒன்று; தன்னை ஆணாக அல்லது பெண்ணாக உள்ளத்தில் உணர்வது மற்றொன்று. முன்னதைப் பால் என்றும் பின்னதைப் பாலின அடையாளம் என்றும் சொல்லலாம். பெரும்பாலோர்க்கு இவ்விரண்டும் ஒத்திருப்பதால், அவை இரண்டு என்பதே நமக்குத் தெரிவதில்லை. திருநங்கையர்க்கும் திருநம்பியர்க்கும் அவை ஒத்திருப்பதில்லை.

குழந்தைகள் இதை எப்படிப் புரிந்துகொள்கின்றனர்? ஏறத்தாழ மூன்று வயதில் "நான் பையன்", "நான் பொண்ணு" என்று சொல்லத் தொடங்குகின்றனர். ஆயினும், பையன் பாவாடை கட்டினால் பெண்ணாகிவிடுவான் என்று நெடுநாள் நம்புகின்றனர். உடை மாறினாலும் ஆள் மாறுவதில்லை என்ற தெளிவு பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் வருகிறது என உளவியலார் கண்டுள்ளனர். உடையையும் முடியையும் கொண்டு ஆளை முடிவு செய்வது குழந்தைப் பருவத்தின் முறை. பெரியவர்களான நம்மில் பலர் அம்முறையை விடாமல் இருக்கிறோம்.

இவ்வுணர்வு எவ்வாறு உருவாகிறது என்பதை அறிவியல் இன்னும் முழுமையாக விளக்கவில்லை. ஆனால் அதை வெளியிலிருந்து திணித்துவிடலாம் என்ற நம்பிக்கை ஒரு முறை கடுமையாகத் தோற்றது. 1965-ல் கனடாவின் வின்னிபெக் நகரில் பிறந்த இரட்டை ஆண் குழந்தைகளுள் ஒன்றின் ஆணுறுப்பு, சிறு அறுவையின்போது நேர்ந்த விபத்தில் சிதைந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் உளவியலாளர் ஜான் மணி, பெண்ணாக வளர்த்தால் பெண்ணாகிவிடும் என்றார். அவ்வாறே பெயர் மாற்றி, அறுவை செய்து வளர்த்தனர். வெற்றி என்றே பல ஆண்டுகள் எழுதினர், பாடநூல்களிலும் ஏறியது. ஆனால் அக்குழந்தை ஒருபோதும் தன்னைப் பெண்ணாக உணரவில்லை. உண்மை தெரிந்ததும் பதினான்காம் வயதில் ஆணாக வாழத் தொடங்கி, டேவிட் ரைமர் என்ற பெயரை ஏற்றார். 1997-ல்தான் மருத்துவ உலகு முழு விவரத்தையும் அறிந்தது. 2004-ல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஒரே நிகழ்ச்சியைக் கொண்டு பொதுவிதி வகுத்தல் கூடாது. எனினும் ஒன்று தெளிவு. குழந்தையின் உள்ளத்தைக் கேளாமல் பெரியவர்கள் எடுத்த முடிவு அங்கே பொய்த்தது. இப்படிப்பினையை நம் மாநிலம் சட்டமாகவே ஏற்றிருக்கிறது. ஆண் என்றோ பெண் என்றோ தெளிவாக வகுக்க இயலாத உடலமைப்போடு பிறக்கும் குழந்தைகளை இடைப்பாலினர் என்கிறோம். அவர்களை ஏதேனும் ஒரு பாலாக மாற்றும் அறுவையைத் தடை செய்யுமாறு 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டுமே விலக்கு. அக்குழந்தை வளர்ந்து தானே சொல்லட்டும் என்பதே இதன் பொருள். இவ்வளவு பெரிய செய்தி நம் வீட்டுக் கூடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

"குழந்தை குழம்பிவிடாதா?"

இதையெல்லாம் சொன்னால் குழந்தைகள் குழம்புவார்கள் என்று நண்பர்கள் பலர் என்னிடம் கூறினர். நியாயமான அச்சம்தான். ஆனால் பறவை பறக்கும் என்று கற்ற குழந்தை, நெருப்புக்கோழி பறவைதான் என்று கேட்டுக் குழம்புவதில்லை, வியக்கிறது. இயற்கையில் இத்தகைய வியப்புகள் நிறைய உள. கோழியினத்தில் இருவகைக் குரோமோசோம் தாயிடமே இருக்கிறது. நம் சென்னைக் கடற்கரையில் முட்டையிடும் பங்குனி ஆமைக்கோ மணலின் வெப்பமே பாலை முடிவு செய்கிறது. வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகள் மிகும். கோமாளி மீன் கூட்டத்தில் தலைமைப் பெண் மீன் இறந்தால் ஆண் மீன் ஒன்று பெண்ணாக மாறும். மீனும் ஆமையும் மனிதருக்கு இலக்கணம் ஆகா என்பது உண்மையே. ஆயினும் விதி என்பது விலக்கையும் தாங்கும் என்று குழந்தைக்குப் பழக்க இவை போதும்.

"சொல்லிக்கொடுத்தால் நம் பிள்ளையும் அப்படி ஆகிவிடுமோ?" என்பது மற்றோர் அச்சம். இடக்கைப் பழக்கத்தைப் பற்றிப் படித்ததால் எந்தக் குழந்தையும் இடக்கைக்காரர் ஆகிவிடவில்லை. முன்பு இடக்கையால் எழுதியதற்கு அடி வாங்கிய குழந்தைகள் உண்டு. இன்று அந்த அடி நின்றுவிட்டது. அறிவு செய்தது அவ்வளவே.

எவ்வளவு சொல்வது என்பதற்கு வயது ஓர் அளவுகோல். நான்கு, ஐந்து வயதில் உடலுறுப்புகளுக்கு உள்ள சரியான பெயர்களைச் சொல்லலாம். கூச்சமின்றிப் பெயர் சொல்லத் தெரிந்த குழந்தை, யாரேனும் தவறாகத் தொட்டால் அதையும் நம்மிடம் சொல்லும். ஏழு, எட்டு வயதில், "பெரும்பாலும் உடம்பும் மனசும் ஒண்ணா இருக்கும், சிலருக்கு வேற மாதிரி இருக்கும்" என்பது போதும். பத்து, பன்னிரண்டு வயதில் நான்கு கட்டப் படத்தைக் காட்டி, அதன் மேல் நம் கையாலேயே "பெரும்பாலும்" என்று எழுதிவிடலாம். தெரியாத இடத்தில் "எனக்குத் தெரியவில்லை, சேர்ந்து படிப்போம்" என்று கூறலாம்.

பாடநூலைக் குற்றம் சாட்டிவிட்டு ஒதுங்குவது என் கருத்தன்று. மனிதனுக்கு 48 குரோமோசோம்கள் என்றே 1920-களிலிருந்து பாடநூல்கள் கற்பித்துவந்தன. 1956-ல்தான் 46 என்பது நிலைநாட்டப்பட்டது, பாடங்களும் திருந்தின. எண் திருந்தியதுபோல் சொல்லும் திருந்தும். அதுவரை அச்சொல்லைச் சேர்க்கும் பொறுப்பு நம்முடையது.

சென்ற மாதம் என் மகளை அமர்த்தி, "அன்னிக்கு ரயில்ல நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லல" என்று தொடங்கினேன். "அவங்க பிறந்தப்ப பையன்னு நினைச்சாங்க. வளர்ந்தப்ப அவங்க மனசுக்குத் தான் பொண்ணுன்னு தெரிஞ்சுது. அதனால அக்கா" என்றேன். சற்றே யோசித்தாள். "அதுக்கு ஏம்மா அன்னிக்குச் சும்மா இருன்னு சொன்னே?" என்றாள். அதற்கு என்னிடம் விடை இல்லை.

பின்னர் ஒன்றை எண்ணிப் பார்த்தேன். ரயிலில் அவள் "இவங்க" என்றுதான் கேட்டாள். ஆண்பாலும் இன்றிப் பெண்பாலும் இன்றி மதிப்பை மட்டும் காட்டும் சொல் அது; நம் மொழி எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுத்திருப்பது. குழந்தையின் கேள்வியில் பிழை ஏதும் இல்லை. நம் வீட்டிலும் வகுப்பிலும் இக்கேள்வி மறுபடி எழும். அப்போது நாம் என்ன விடை சொல்லப் போகிறோம்?